ஊசி, நூல், கொஞ்சம் கரண்ட்

போன பதிவு ஜி.எஸ்.டி. பற்றி. படித்த நாலு பேரில் இரண்டு பேர் பாதியிலேயே தூங்கிவிட்டதாகத் தகவல். அதனால் இந்த முறை காமர்ஸ் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்ற முடிவோடுதான் உட்கார்ந்தேன். கடைசியில் அங்கேதான் போய் நிற்கப்போகிறேன், அது வேறு விஷயம் :-)

மேட்டர் இதுதான். என்னிடம் ஒரு பழைய முழுக்கைச் சட்டை இருக்கிறது. அதன் இடது கையில் ஐந்து சின்னத் துணிச் சதுரங்கள் தைத்திருக்கும். ஒவ்வொன்றாக அழுத்தினால் ச, ரி, க, ப, த. மோகனம்! என்று பெருமை அடித்துக்கொள்ளலாம். உண்மையில் வருவது பத்து ரூபாய் பஸ்ஸரின் 'பீ... பீ...' சத்தம். எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் நண்பனும் நானும் அவன் டிபார்ட்மெண்ட் கண்காட்சிக்காகச் செய்தது. அவன் மூளை, நான் முதலீடு. மொத்தச் செலவு ஆயிரத்து சொச்சம்.

அந்தச் செலவுக் கணக்கில் நான் எழுதிய ஒரு வரி இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. அதற்கு முன் சட்டை எப்படிப் பாடுகிறது என்று பார்த்துவிடுவோம்.

சாஃப்ட் சர்க்யூட்னா?

நம் ரேடியோ, ரிமோட் எதைப் பிரித்தாலும் உள்ளே விறைப்பாக ஒரு பச்சைப் பலகை இருக்கும். அதில் செம்புக் கோடுகள், கோடுகளின் முனையில் ஈயப்பற்று. சாஃப்ட் சர்க்யூட்டில் அந்தப் பலகைக்குப் பதில் துணி. செம்புக் கோட்டுக்குப் பதில் மின்சாரம் கடத்தும் நூல். ஈயப்பற்றுக்குப் பதில் தையல். அவ்வளவுதான்.

நூல் என்பது பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை மயிரிழையாக இழுத்து முறுக்கியது, அல்லது நைலான் மேல் வெள்ளி பூசியது. நாங்கள் வாங்கியது ஸ்டீல் நூல். ஒரு அடிக்கு சுமார் 10 ஓம் தடை. சாதாரண வயரோடு ஒப்பிட்டால் அதிகம்தான், ஆனால் ஒரு பொத்தானை அழுத்தியது தெரிய இது தாராளம்.

சதுரங்கள் எப்படி வேலை செய்கின்றன? சாண்ட்விச் மாதிரி. மேலே ஒரு துண்டு கடத்தும் துணி, கீழே ஒரு துண்டு, நடுவில் வெலோஸ்டாட் என்ற கறுப்பு பிளாஸ்டிக் தாள். கரித்தூள் கலந்த தாள் இது. எலெக்ட்ரானிக் சாமான்களை ஸ்டாட்டிக் மின்சாரத்திலிருந்து காப்பாற்றப் பொதிந்து அனுப்புவதற்காக வந்தது. இதற்கு ஒரு குணம் உண்டு. அழுத்தினால் அதன் மின்தடை குறையும். எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு குறையும். அந்த மாற்றத்தை ஆர்டுவினோ 0 முதல் 1023 வரை ஒரு எண்ணாகப் படித்துக்கொள்ளும். அந்த எண்ணை வைத்து ஸ்வரத்தைக் கூப்பிடலாம், சத்தத்தைக் கூட்டலாம், மிடி மூலமாக கம்ப்யூட்டருக்கு அனுப்பி வீணையாகவோ டிரம்ஸாகவோ ஒலிக்கவிடலாம். சாதா பொத்தானுக்கு ஆன், ஆஃப் என இரண்டே நிலை. இந்தத் துணிக்கு மெல்லத் தொடுவதும் தெரியும், ஓங்கிக் குத்துவதும் தெரியும். இசைக்கு அதுதானே வேண்டும்?

சொதப்பல் படலம்

மேஜை மேல் விரித்து வைத்தபோது சட்டை பிரமாதமாகப் பாடியது. நண்பன் அதைப் போட்டுக்கொண்டு கையை மடக்கினான். எதை அழுத்தினாலும் 'ரி'. கையை நீட்டினால் 'க'. சும்மா நின்றால் அதுவாகவே 'த' என்று கத்தியது.

காரணம் சின்னது. நாங்கள் தைத்த நூல் தோல் உரித்த வயர் மாதிரி. மேல் உறை எதுவும் கிடையாது. துணி மடங்கும்போது பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கின்றன. போதாததற்கு முடிச்சு போட்ட இடமெல்லாம் நூல் பிசிறடித்து மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மீசையும் ஒரு ஷார்ட் சர்க்யூட்.

ஸ்டீல் நூலில் ஈயமும் ஒட்டவில்லை. நண்பன் நாலு சாயங்காலம் மல்லுக்கட்டினான். கோடிங்கை மாற்றினான், ரெசிஸ்டரை மாற்றினான், கடைசியில் பலகையையே மாற்றினான். குறை எதிலும் இல்லை. குறை தையலில். அது எங்கள் இருவர் புத்திக்கும் எட்டவேயில்லை, ஏனென்றால் தையலை நாங்கள் ஒரு வேலையாகவே நினைக்கவில்லை.

ஐந்தாவது நாள் எங்கள் தெருவில் பிளவுஸ் தைக்கும் அக்காவிடம் சட்டையைக் கொண்டுபோனேன். "என்ன தம்பி, எலி கடிச்சதா?" என்றார். விளக்கினேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு நூலைப் பிரித்துப் பார்த்தார்.

"இது வெறும் கம்பிதானே? அப்ப ஒண்ணோட ஒண்ணு உரசக்கூடாது, அவ்வளவுதானே? பாவாடை நாடாவுக்கு விடுற மாதிரி ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி பட்டி அடிச்சு, அதுக்குள்ள விட்டா உரசுமா?"

நண்பன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

அதோடு விடவில்லை. முழங்கை மடங்கும் இடத்தில் நேர்த்தையல் போட்டால் இழுத்துப் பிரியும், ஜிக்ஜாக் போட்டால் துணியோடு நீளும் என்றார். கம்பி நூலை மேல் ஊசியில் கோத்தால் அறுந்துகொண்டே இருக்கும், அதைப் பாபினில் சுற்றிக் கீழே விட்டு, மேலே சாதா நூல் போடு என்றார். முடிச்சுக்கு மட்டும் என் யோசனை: அம்மாவின் நெயில் பாலிஷ், ஒரு சொட்டு. (ஏதாவது ஒன்றாவது நான் செய்ய வேண்டாமா!)

அரை மணி நேரம். கூலி 60 ரூபாய். சட்டை மடங்கியது, நீண்டது, பாடியது.

அன்று ராத்திரி செலவுக் கணக்கு எழுதினேன். ஆர்டுவினோ, நூல், வெலோஸ்டாட், பஸ்ஸர், பேட்டரி எல்லாம் 'கருவிச் செலவு'. அக்காவின் 60 ரூபாய்? டீ, ஜெராக்ஸ், ஆட்டோவோடு சேர்த்து 'இதர செலவுகள்'. கண்காட்சி போஸ்டரில் எங்கள் இருவர் பெயர். அவர் பெயர் எங்கும் இல்லை. பரிசு வாங்கிக்கொண்டு வந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

இது எங்கள் சட்டையின் கதை மட்டும் இல்லை

உடம்பில் அணியும் வாத்தியம் ஒன்றும் நேற்று வந்த விஷயமல்ல. சலங்கையே அதுதானே. எலெக்ட்ரானிக் வகையிலும் வரலாறு நீளமானது. நெதர்லாந்துக்காரர் மிஷெல் வைஸ்விஸ் 1984-இல் 'தி ஹேண்ட்ஸ்' என்று இரண்டு கைகளிலும் மாட்டிக்கொள்ளும் கருவியை மேடையேற்றினார். 1986-இல் வந்த 'ஹோம் ஆஃப் தி பிரேவ்' படத்தில் லாரி ஆண்டர்சன் உடைக்குள் டிரம் சென்சார்களை வைத்துக்கொண்டு தன் உடம்பையே தட்டி வாசிக்கிறார்.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் லெட்டிஷியா சொனாமி. 1991-இல் அவர் செய்த 'லேடீஸ் குளோவ்' கருவியின் முதல் வடிவம் பாத்திரம் தேய்க்கப் போடும் ரப்பர் கையுறை! அதில் காந்தங்களையும் காந்தத்தை உணரும் சென்சார்களையும் ஒட்டியிருந்தார். விரல்கள் நெருங்க நெருங்க ஒலி மாறும். பிறகு வந்தவை முழங்கையைத் தாண்டும் மெல்லிய வலைத்துணிக் கையுறைகள். அதைத் திருத்தித் திருத்தி இருபது வருடங்களுக்கு மேல் வாசித்தார். வைஸ்விஸும் அப்படித்தான், 2008-இல் இறக்கும்வரை 'தி ஹேண்ட்ஸ்' அவர் கையில் இருந்தது. இந்த 'இருபது வருடம்' என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

அடுத்தது எம்.ஐ.டி. மீடியா லேப். 1990-களின் கடைசியில் மேகி ஆர்த், ரெமி போஸ்ட் முதலியவர்கள் ஒரு லீவைஸ் டெனிம் ஜாக்கெட்டில் கடத்தும் நூலால் எம்பிராய்டரி போட்டு ஒரு கீபேட் செய்தார்கள். தொட்டால் பாடும். பாக்கெட்டில் ஸ்பீக்கரும் பேட்டரியும். கீபேடிலிருந்து ஒலிப் பகுதிக்கு சமிக்ஞை போனது எதன் வழியாகத் தெரியுமா? உலோகத் தகடு சுற்றிய இழையில் நெய்த பட்டு ஆர்கன்ஸா துணி வழியாக. இந்தியாவில் வெகுகாலமாக நெய்யப்படும் வகை.

இதைப் படித்ததும் எனக்கு ஜரிகை ஞாபகம் வந்தது. அசல் ஜரிகை என்பது பட்டு நூலைச் சுற்றி வெள்ளிச் சரிகைத் தகடு, அதன் மேல் தங்க முலாம். அப்படியானால் அதுவும் கடத்தவேண்டுமே? மல்ட்டிமீட்டரோடு அம்மாவின் பீரோவைத் திறந்தேன். கல்யாணப் புடவையின் பார்டரில் வைத்தால் 'பீப்'. போன வருடம் தள்ளுபடியில் வாங்கிய புடவையில் வைத்தால் மூச்சே இல்லை. அது பிளாஸ்டிக் படலத்தில் உலோகம் பூசி, அதற்கு மேல் பாதுகாப்புப் பூச்சும் கொடுத்த ஜரிகை. "டேய், முகூர்த்தப் பட்டுல என்னடா கரண்ட் பாக்குற?" என்ற குரல் கேட்டு ஆராய்ச்சி அத்துடன் முடிந்தது.

சொல்ல வந்தது இதுதான். இந்தத் துறையில் புதுசு சிப் மட்டும்தான். உலோகத்தைத் துணியாக்குவது, அதை மடிப்பது, மடிப்பு தாங்கும்படி தைப்பது எல்லாம் நெசவாளிகளும் தையல்காரர்களும் தலைமுறை தலைமுறையாகச் செய்வது. ஆனால் கணக்கு எழுதும்போது சிப் 'தொழில்நுட்பம்', தையல் 'கைவேலை'. ஒன்று முதலீட்டுப் பத்தியில், இன்னொன்று கூலிப் பத்தியில். நிலவுக்குப் போன அப்பல்லோ கம்ப்யூட்டரின் புரோகிராம், பெண் தொழிலாளர்கள் காந்த வளையங்களுக்குள் கம்பியைக் கோத்து நெய்த நினைவகத்தில்தான் இருந்தது. அந்தக் கைகளின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

லில்லிபேட் சொன்ன சேதி

இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றியவர் லியா பியூக்லி. கொலராடோ பல்கலைக்கழகத்தில் படித்தபோது துணியில் தைக்கிற மாதிரி ஒரு ஆர்டுவினோ பலகையை வடிவமைத்தார். 'லில்லிபேட்' என்ற பெயரில் 2007-இல் ஸ்பார்க்ஃபன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 5 செ.மீ. விட்டத்தில் வட்டமான பலகை, ஓரமெல்லாம் பூவிதழ் மாதிரி ஓட்டைகள். ஈயம் வேண்டாம், ஊசி விட்டு மூன்று சுற்று சுற்றினால் போதும். வடிவமைப்பும் எல்லோருக்கும் திறந்தது.

2010-இல் அவரும் பெஞ்சமின் மேக்கோ ஹில்லும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். இணையத்தில் மக்கள் பகிர்ந்த வேலைகளை எண்ணிப் பார்த்தபோது, சாதா ஆர்டுவினோவில் செய்தவற்றில் பெண்கள் செய்தது சுமார் 2 சதவீதம். லில்லிபேடில் செய்தவற்றில் சுமார் 65 சதவீதம். பலகைக்குள் இருந்தது ஒரே குடும்பத்துச் சிப்தான். பெண்களுக்கு திடீரென்று மின்னியல் ஆர்வம் பொங்கிவிடவில்லை. அவர்கள் கைக்கு ஏற்கெனவே தெரிந்த வேலைக்கு அங்கே முதல் முறையாக மரியாதை கிடைத்தது, அவ்வளவுதான். 'பெண்களுக்கு டெக்னாலஜி சொல்லிக்கொடுப்போம்' என்று மேடை போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். எங்கள் தெருவில் யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தது?

கம்பெனி ஜாக்கெட் என்ன ஆனது?

இப்போது வாக்களித்தபடி காமர்ஸ்.

"பெரிய கம்பெனி இறங்கினால் விலை குறையும், தரம் கூடும், ஏன் நீங்கள் தெருவில் கிடந்து கஷ்டப்படுகிறீர்கள்?" என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். பெரிய கம்பெனிகள் இறங்கித்தான் பார்த்தன. கூகிளும் லீவைஸும் சேர்ந்து 2017-இல் ஒரு ஜாக்கெட் விற்றன. விலை 350 டாலர். இடது கை மணிக்கட்டுப் பட்டியில் கடத்தும் இழைகளை நெய்திருந்தார்கள். தடவினால் போனில் பாட்டு மாறும். திட்டத்தின் பெயர் ஜக்கார்ட், நம் பட்டுத் தறிகளின் மேல் உட்கார்ந்திருக்கும் அதே ஜக்கார்ட் பெட்டியின் பெயர். சுமார் பத்து முறை துவைக்கலாம் என்றார்கள். 2023-இல் அதற்கான ஆப்பை நிறுத்திவிட்டார்கள். ஆப் போனதும் ஜாக்கெட் வெறும் ஜாக்கெட். துணி கிழியவில்லை, இழை அறுபடவில்லை, ஆனாலும் செத்துப்போனது.

அது வாத்தியம் இல்லை, ரிமோட்தான் என்று சொல்லலாம். சரி, வாத்தியத்துக்கே வருவோம். இமோஜன் ஹீப் என்ற இங்கிலாந்துப் பாடகியும் அவர் குழுவும் 'மி.மு' கையுறைகளைச் செய்தார்கள். விரல் மடங்குவதையும் கை திரும்புவதையும் ஒலியாக்கும் அருமையான கருவி. 2014-இல் பொதுமக்களிடம் நிதி திரட்ட முயன்றார்கள், இலக்கை எட்டவில்லை. 2019-இல் விற்பனைக்கு வந்தபோது ஒரு ஜோடி 2,000 பவுண்டுக்கும் மேல். அவர்களைக் குறை சொல்லவில்லை. இவ்வளவு கைவேலையும் கொஞ்சம் பேர் வாங்கும் சந்தையும் சேர்ந்தால் விலை அப்படித்தான் வரும். ஆனால் நம்மால் வாங்க முடியாது என்பதும் உண்மை.

இங்கேதான் அந்த 'இருபது வருடம்'. கம்பெனிக்கு ஜாக்கெட் என்பது ஒரு பொருள். அதற்கு ஒரு ஆயுள், தேய்மானம், அப்புறம் அடுத்த மாடல். வாத்தியம் அப்படி அல்ல. வீணை கற்றுக்கொள்ள ஆரம்பித்து ஆறு வருடம் ஆனால்தான் விரல் ஏதோ பேசத் தொடங்கும். அந்த ஆறு வருடத்தில் அந்த ஜாக்கெட்டின் ஆப் பிறந்து வளர்ந்து செத்தேவிட்டது. எந்த வாத்தியமும் வாசிக்கிறவனைவிட முன்னால் சாகக்கூடாது. சொனாமியின் கையுறை நீடித்ததற்குக் காரணம், அதை உடைக்கவும் பிரிக்கவும் மறுபடி தைக்கவும் அதன் சொந்தக்காரருக்கு உரிமையும் வழியும் இருந்ததுதான்.

அதனால் என் கட்சி இது: அணியும் வாத்தியம் என்பது கடையில் வாங்கும் பொருளாக இருக்கக்கூடாது. போட்டுக்கொள்கிறவர் தைக்கக்கூடிய, பிரிந்தால் தெருமுனை டெய்லர் ஒட்டுப்போடக்கூடிய பொருளாக இருக்கவேண்டும். சிப் எரிந்தால் முன்னூறு ரூபாய்க்கு இன்னொன்று. கோடிங் யாருடைய சர்வரிலும் இல்லை, நம் கையில்.

எதிர்க்கட்சிக்கும் இரண்டு வரி

"சட்டையை அழுத்தினால் பீப் சத்தம், இதெல்லாம் இசையா?" என்று கேட்டால், எங்கள் சட்டை அளவில் இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். இந்த மாதிரி வேலைகளில் பெரும்பாலானவை கண்காட்சி மேஜையோடு முடிந்துபோகின்றன. அழுத்தினால் சத்தம், கைதட்டல், மூட்டைகட்டு. காரணம் துணி அல்ல, யாரும் அதை ஒரு வருடம் உட்கார்ந்து சாதகம் செய்வதில்லை. பரிசு வாங்கிய பிறகு நாங்களும் சட்டையைத் தொடவில்லை. இன்னொரு குறையும் உண்டு. வியர்வை. ஈரத்தில் சத்தம் தாறுமாறாகப் போகும், வெள்ளி பூசிய நூல் என்றால் நாளாக நாளாகக் கறுத்துக் கடத்தல் குறையும். நம் ஊர் மே மாதத்தில் இது சின்னப் பிரச்சினை அல்ல. ஆனால் இதற்கும் விடை சொல்லப்போவது வியர்வைக்கு லைனிங் வைத்துப் பழகிய ஒருவர்தான், நண்பனின் பாடப்புத்தகம் அல்ல.

கடைசியாக

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். போஸ்டரில் உங்கள் பெயர் போடாதது எங்கள் தப்பு என்றேன். "அதுக்கென்ன தம்பி" என்று சிரித்தார். ஆனால் கையிலிருந்த பிளவுஸைக் கீழே வைத்துவிட்டு, "என்ன பேர் போடுவீங்க அதுல? டெய்லர்னா?" என்று கேட்டார். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை எனக்கு.

அடுத்த செமஸ்டரில் இதையே திரும்பச் செய்யப்போகிறோம். இந்த முறை பஸ்ஸர் இல்லை, மிடி. இந்த முறை அவருக்கு முதலிலேயே சம்பளம், முதல் நாளிலிருந்தே பேச்சில் பங்கு. செலவுக் கணக்கில் அது 'வடிவமைப்பு' என்ற தலைப்பின் கீழ் வரும். போஸ்டரிலும் அதே சொல்தான். நண்பன் ஒத்துக்கொண்டுவிட்டான். அவனுடைய டிபார்ட்மெண்ட் ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்கவேண்டும்.

செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: மீக்கா சடோமி, ஹன்னா பெர்னர்-வில்சன் இருவரும் 'கோபாகாண்ட்' என்ற பெயரில் துணி சென்சார்கள் செய்யும் முறைகளை எல்லாம் படங்களோடு இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். தேடிப் படியுங்கள். படித்துவிட்டு முதல் வேலையாக சால்டரிங் அயர்ன் வாங்க ஓடாதீர்கள். வீட்டில் மூலையில் தூசி படிந்து கிடக்கும் தையல் மெஷினுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அதை ஓட்டத் தெரிந்தவர் யார் என்று விசாரியுங்கள்.

பி.கு: அம்மாவின் முகூர்த்தப் பட்டு பத்திரமாக இருக்கிறது. பீரோ சாவிதான் இடம் மாறிவிட்டது :-(